ஏழை சொல் அம்பலம் ஏற: பணியிடத்தில் பேசும் திறனும் கேட்கும் கடமையும்

கோவில்பட்டி, விளாத்திகுளம், குளத்தூர் வட்டாரத்துக் கரிசல் ஊர்களிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவர்களுக்கு இன்று தொடர்புத்திறன் பயிற்சிக்குக் குறைவில்லை. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழும், கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளிலும் அது கற்பிக்கப்படுகிறது. நிமிர்ந்து நில், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார், தயங்காமல் பேசு, ஐயம் இருந்தால் கேள் என்று பயிற்றுநர்கள் சொல்லித் தருகின்றனர். இவை வேண்டிய பயிற்சிகள்தாம். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த ஒரு மாணவிக்கு நேர்காணல் அறையில் இவை கைகொடுக்கின்றன. ஆயினும் இவற்றுக்குள் ஒரு முன்முடிவு இருக்கிறது. பணியிடத்தில் ஒருவருடைய சொல் எடுபடவில்லை என்றால் குறை பேசியவரிடம்தான் என்பது அந்த முன்முடிவு.

அந்த மாணவியின் தாத்தாவுக்கும் ஒரு தொடர்புத்திறன் கற்பிக்கப்பட்டிருந்தது. துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டு, செருப்பைக் கையில் தூக்கு, கண்ணைப் பார்க்காதே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல். அவரும் அதைப் பிழையறக் கற்றுத் தேர்ந்தார். தேர்ந்தபோதும் அவர் சொன்னதைப் பிஞ்சை முதலாளி கேட்டதில்லை. மழை எப்போது இறங்கும், எந்தத் துண்டு நிலத்தில் பருத்தி நிற்கும், எதில் உளுந்து தாங்கும் என்பதையெல்லாம் அறிந்திருந்தவர் அவரே. முடிவெடுக்கும் இடத்தில் அவருக்கு வாய் இல்லை.

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது நம் பழமொழி. அம்பலம் என்பது ஊர் கூடி வழக்குப் பேசும் பொதுவிடம். ஏழைக்குப் பேசத் தெரியாது என்று அப்பழமொழி சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சொல் இருக்கிறது, அது ஏறுவதற்குப் படி இல்லை. பணியிடத் தொடர்பு குறித்த பேச்சை நாம் இந்தப் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கேட்பது மேலதிகாரியின் நற்குணமாக இருக்கும்வரை, அக்குணம் இல்லாதவரிடம் நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை. கேட்கத் தவறினால் தவறியவருக்கு இழப்பு உண்டு என்ற ஏற்பாடு வரும்போதுதான் சாதியப் பணியிடத்தில் காதுகள் திறக்கின்றன. இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. அதற்குமுன் நம் வட்டாரத்தைப் பார்ப்போம்.

கட்டளை கீழே வரும், செய்தி மேலே போகாது

எங்கள் பகுதியில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றே சொல்வார்கள். கட்டை அடுக்குவது, பெட்டி அடைப்பது, பண்டல் போடுவது எனப் பெரும்பாலான வேலை பெண்களுடையது, எண்ணிக்கைக்குக் கூலி. முதலாளிக்கும் இவர்களுக்கும் நடுவில் கணக்குப்பிள்ளை இருப்பார். குளத்தூருக்குக் கிழக்கே உப்பளங்களிலும் ஏறத்தாழ இதே அடுக்குதான். மேலிருந்து கீழே கட்டளை வருகிறது. கீழிருந்து மேலே செல்ல வேண்டிய செய்தி நடுவிலேயே நின்றுவிடுகிறது.

இது மனவருத்தம் சார்ந்த செய்தி மட்டுமன்று. தீயோடும் வெடிமருந்தோடும் நடக்கும் தொழிலில் அது உயிர் சார்ந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பின்னும் விருதுநகர் மாவட்டத்தில் விபத்துகள் ஓயவில்லை. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று விதிகள் உள்ளன. விதி மீறப்படும் அந்த நொடியில் அதை அறிபவர் ஆய்வாளர் அல்லர்; அறைக்குள் ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் உட்கார வைக்கப்பட்டவர். அவருடைய வாயை அடைத்துவிட்டு ஆய்வாளரின் வருகைக்குக் காத்திருக்கும் முறைக்குப் 'பாதுகாப்பு' என்று பெயர்.

தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்த ஒரு மூதாட்டியிடம், பின்வாசலை மறித்துப் பண்டல் அடுக்கியிருந்ததை யாரிடமாவது சொன்னீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "சொன்னேன் தம்பி. கணக்குப்பிள்ளை காதுலயே வாங்கல. ஒனக்கு எதுக்கு அந்தக் கவல, கட்டைய அடுக்குன்னாரு" என்றார். அவருடைய பேச்சில் தயக்கமோ தெளிவின்மையோ இல்லை. எந்தப் பயிற்றுநரும் அவருக்கு முழு மதிப்பெண் தருவார்.

விளிக்கும் முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெல்லை, தூத்துக்குடிச் சீமையில் 'ஏலே' என்பது நண்பர்களுக்கிடையே இனிய சொல். இருபது வயது இளைஞன் அறுபது வயதுத் தலித் தொழிலாளியை அதே சொல்லால் அழைத்து, அவர் திரும்ப 'சாமி' என்றோ 'முதலாளி' என்றோ சொல்ல வேண்டியிருக்கும்போது அது வேறு சொல். நீதிமன்றத்தில் இந்த வேறுபாட்டை விளக்க நேரும்போதெல்லாம், மண்ணறியாத ஒரு நீதிபதிக்கு அது வட்டார வழக்காகத்தானே தோன்றும் என்ற அச்சம் எனக்கு வருவதுண்டு.

படித்தால் இது மாறிவிடும் என்பார்க்கு ஒரு நினைவூட்டல். கொலம்பியாவிலும் லண்டனிலும் பயின்று திரும்பிய அம்பேத்கர் 1917-இல் பரோடா சமஸ்தானப் பணியில் சேர்ந்தபோது, அலுவலக ஏவலர்கள் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளை எட்ட நின்று அவர் மேசைமீது எறிந்தனர் என்று அவரது வரலாறு கூறுகிறது. எறியப்பட்ட கோப்பும் ஒரு தகவல் தொடர்புதான். அங்கே பதவியில் உயர்ந்தவர் அவர். ஆனால் அலுவலகத்தின் மொழியை வகுத்தது சாதி.

திண்டுக்கல்லில் நடந்தது

கரிசல் நிலத்தில் மழை பொய்க்கும் ஆண்டுகளில் தென்மாவட்டப் பெண்பிள்ளைகள் நூற்பாலைகளுக்கும் ஆயத்த ஆடை ஆலைகளுக்கும் செல்வது இரண்டு தலைமுறைக் கதை. மூன்றாண்டு வேலை பார்த்தால் இறுதியில் மொத்தமாக ஒரு தொகை என்று ஆசைகாட்டிய 'சுமங்கலித் திட்டம்' பல வீடுகளில் இன்னும் ஆறாத புண். விடுதி, ஆலை, மீண்டும் விடுதி. தொலைபேசியில் வீட்டாரோடு பேசுவதற்கும் கட்டுப்பாடு. பேச்சே தடுக்கப்பட்ட பணியிடம் அது.

2021 ஜனவரி தொடக்கத்தில் திண்டுக்கல் மாவட்டத்தில், நாச்சி அப்பாரல்ஸ் என்னும் ஆடை ஆலையில் பணியாற்றிய ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அப்பெண் பல மாதங்கள் தொல்லைக்கு உள்ளாகியிருந்தார் என்று குடும்பத்தாரும் உடன் பணியாற்றியோரும் கூறினர். அந்த ஆலை ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அங்கே தைத்த துணிகள் உலகப் பெரும் வணிகப் பெயர்களுக்குச் சென்றன. அத்தகைய நிறுவனங்கள் தம் வழங்குநர் ஆலைகளில் தணிக்கை நடத்துகின்றன, நடத்தை விதிகள் வைத்திருக்கின்றன, புகார்ப் பெட்டிகளைத் தொங்கவிடுகின்றன. இவ்வளவு காதுகள் இருந்தும் ஒரு பெண்ணின் துன்பம் எதிலும் விழவில்லை. அக்காதுகள் கேட்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல, வாங்குவோருக்குக் காட்டுவதற்காக வைக்கப்பட்டவை என்பதே என் கணிப்பு.

தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், குடும்பத்தோடு நின்று போராட்டத்தை முன்னெடுத்தது. ஆசிய அடித்தள ஊதியக் கூட்டணியும், அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தொழிலாளர் உரிமை அமைப்பும் துணைநின்றன. ஓராண்டுக்கு மேல் நீண்ட அழுத்தத்தின் விளைவாக 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மன் நிறுவனத்தோடு ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. எச் அண்ட் எம் நிறுவனமும், அடுத்து கேப், பிவிஎச் நிறுவனங்களும் இந்த ஏற்பாட்டில் இணைந்தன. இதையே திண்டுக்கல் உடன்படிக்கை என்கிறோம். 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், இதன் வரம்புக்குள் வந்தனர்.

இதில் கற்க வேண்டியது பெயர்களை அல்ல, அமைப்பை. முதலாவதாக, ஏறத்தாழ 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். தையல் வரிசையில் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் ஒருத்தி தன் குறையைச் சொல்லலாம். மனிதவளத் துறையின் கதவைத் தட்டத் தேவையில்லை. சாதி, மொழி, ஊர் அறிந்த ஒரு காது அருகிலேயே இருக்கிறது. பாலியல் தொல்லையோடு சாதி அடிப்படையிலான பாகுபாடும், புலம்பெயர்ந்தோர் என்பதால் வரும் பாகுபாடும் உடன்படிக்கையில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டன. சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. ஆலை நிருவாகத்தைச் சாராத மதிப்பீட்டாளர்களிடம் செல்லவும் வழி இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று: உடன்படிக்கை சட்டப்படி கட்டுப்படுத்துவது. ஆலை அதை மீறினால் வாங்கும் நிறுவனம் வணிக அளவில் நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டிருந்தது.

முதல் ஆண்டில் 185 குறைகள் எழுப்பப்பட்டன. அவற்றுள் 98 விழுக்காடு தீர்க்கப்பட்டன என்று உடன்படிக்கையைக் கண்காணித்தோர் வெளியிட்ட அறிக்கை கூறியது. 185 புகார்களா, அவ்வளவு மோசமான ஆலையா என்று ஒருவர் கேட்கலாம். நான் அந்த எண்ணை வேறுவிதமாகப் படிக்கிறேன். பணியிடப் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டத்தின்படி நிறுவனங்கள் ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். நான் பார்த்த அறிக்கைகள் பலவற்றில் புகார் எண்ணிக்கை என்ற இடத்தில் 'இல்லை' என்றே எழுதப்பட்டிருந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஓராண்டு முழுவதும் ஒரு குறையும் இல்லை என்றால், அங்கே அமைதி இருக்கிறது என்று பொருளல்ல, அச்சம் இருக்கிறது என்று பொருள். குறை பேசப்படும் இடத்தில்தான் அது வன்முறையாக முற்றுவதற்கு முன்னரே, வசைச்சொல்லாக இருக்கும்போதே, கைப்பற்ற முடிகிறது.

இந்த ஏற்பாட்டின் வலுவின்மையையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு நடந்ததான தகவலின் பேரில் அதே ஆலையின் பொருள்களுக்குத் தடை விதித்து, உடன்படிக்கையின் நடைமுறையைக் கணக்கில் கொண்டு செப்டம்பரில் விலக்கிக்கொண்டது. ஆக, கேட்கும் கடமைக்குப் பின்னால் நின்றது ஏற்றுமதிச் சந்தை. நம் ஊர்த் தீப்பெட்டிக்கு ஸ்டாக்ஹோமில் முகவரி கிடையாது. உப்பளத்துக்கும் கிடையாது. அங்கெல்லாம் கேட்க வைக்க வேண்டியது நம் சட்டமும் நம் சங்கமும்தான்.

சட்டம் எங்கே காது வைத்திருக்கிறது

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய மூன்று தரப்பும் ஒரே மேசையில் அமரும் முத்தரப்பு மாநாட்டு முறையைத் தொடங்கிவைத்தார். 1943-இல் தொழிற்சங்கச் சட்டத் திருத்த மசோதா ஒன்றையும் கொண்டுவந்தார். தகுதியுள்ள சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும் என்பது அதன் நோக்கம். எளிய தமிழில் சொன்னால், உன் தொழிலாளி சங்கமாக வந்து பேசினால் நீ உட்கார்ந்து கேட்க வேண்டும். 1947-இல் அத்தகைய திருத்தம் நிறைவேற்றப்பட்டது. ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. அதோடு பேசும் கடமை முதலாளிக்கு இல்லை என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது.

இதன் விளைவைத் திருப்பெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் கண்டோம். 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. ஊதியக் கோரிக்கைகள் இருந்தன என்றாலும், தாங்கள் அமைத்த சங்கத்தின் வழியே பேசும் உரிமையே சிக்கலின் நடுவில் இருந்தது. நிருவாகமோ தொழிலாளர் குழுவோடு பேசவே விரும்பியது. யாருடைய வாய் வழியே பேசுவது என்பதைக் கேட்பவரே முடிவு செய்தால், அந்தக் கேட்பு ஒரு பாவனை. 2025 ஜனவரி இறுதியில் அச்சங்கம் பதிவு பெற்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்பு, 51 விழுக்காடு தொழிலாளர் ஆதரவுள்ள சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கச் சொல்கிறது. வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கும் தொகுப்பு அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் இந்த ஒரு பிரிவை நாம் பயன்படுத்தாமல் விடக் கூடாது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்தில் குறைதீர்ப்புக் குழு வேண்டும், அதில் இருதரப்புக்கும் சம எண்ணிக்கை வேண்டும் என்ற ஏற்பாடும் பழைய சட்டத்திலிருந்து இத்தொகுப்புக்கு வந்திருக்கிறது. உங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸில் அக்குழு இருக்கிறதா?

பணியிடத்தில் பெண் சொல்வதைக் கேட்பதற்கான சட்டம் எப்படிப் பிறந்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டியது. பன்வாரி தேவி ராஜஸ்தானில் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றியவர். பிற்படுத்தப்பட்ட குயவர் சாதியைச் சேர்ந்தவர். 1992-இல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக ஆதிக்கச் சாதி ஆண்களின் வன்முறைக்கு ஆளானார். 1995-இல் கீழமை நீதிமன்றம் பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. அதைத் தொடர்ந்த பெண்ணியக்கங்களின் போராட்டத்தால் 1997 ஆகஸ்ட் 13 அன்று விசாகா தீர்ப்பும், 2013-இல் சட்டமும் வந்தன. நம்பப்படாத ஒரு சூத்திரப் பெண்ணின் சொல்லிலிருந்து பிறந்த அச்சட்டத்தின் பாலியல் தொல்லை வரையறையில் சாதி இடம்பெறவில்லை என்பது நம் நாட்டுக்கே உரிய முரண்.

சட்டம் வெளிப்படையாகவே 'காது கொடு' என்று கட்டளையிடும் ஓரிடம் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு அது. வாய்மொழியாகத் தகவல் தருபவர் சொன்னதை எழுதிய பின், கையொப்பம் வாங்கும் முன்பு, அவருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும்; நகல் தர வேண்டும்; வழக்கைப் பதிய வேண்டும். இவற்றை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியருக்கு ஆறு மாதங்களுக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நிருவாக விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்ற தடை இருப்பதால் இப்பிரிவு அரிதாகவே பயன்படுகிறது. ஆனால் சட்டத்தை இயற்றியோர் எங்கே நோய் இருக்கிறது என்பதைச் சரியாகத் தொட்டிருக்கிறார்கள்.

நோய் இதுதான். ஒரு தொழிலாளி காவல் நிலையத்தில் தன்னைச் சொன்ன சாதிச் சொல்லையும், சொல்லப்பட்ட இடத்தையும், அருகில் நின்றவர்களையும் விளக்கமாகச் சொல்கிறார். எழுதுபவர் அதைத் 'தகாத வார்த்தைகளால் திட்டினார்' என்று ஒரு வரியாக்கிவிடுகிறார். தொழிலாளி கையெழுத்திடுகிறார் அல்லது கைநாட்டு வைக்கிறார். ஓராண்டு கழித்து நீதிமன்றக் கூண்டில் அவர் அந்தச் சாதிச் சொல்லைச் சொல்லும்போது, முதல் தகவல் அறிக்கையில் இல்லாததை இப்போது சேர்த்துச் சொல்கிறார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். வழக்கு அந்த இடத்தில் உடைகிறது. அவர் பேசியது குறையல்ல, காகிதம் அதைக் கேட்கவில்லை. எனவே செயற்பாட்டாளர்கள் புகாரோடு செல்லும்போது நாகரிகம் கருதிச் சொற்களைச் சுருக்கக் கூடாது. சொன்ன சொல் சொன்னபடியே, நாள், நேரம், இடம், கேட்டவர்களோடு எழுதப்பட வேண்டும். வாசித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். அது சலுகை அன்று. நிலையத்தில் மறுத்தால் அதையே எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்ப அச்சட்டத்தின் விதிகள் வழி தருகின்றன.

இடத்தையும் கேட்டவர்களையும் ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், சாதியைச் சொல்லி இழிவுசெய்வது 'பொதுப் பார்வையில் படும் இடத்தில்' நடந்திருந்தால்தான் 3(1)-ஆம் பிரிவின் அந்த உட்பிரிவுகளில் குற்றமாகும். 2008-இல் ஸ்வரன் சிங் வழக்கில், வீட்டு வாயிற்கதவருகே காரோடு நின்ற ஓட்டுநர் இழிவுசெய்யப்பட்ட இடம் பொதுப் பார்வையில் பட்டது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், பொதுமக்கள் இல்லாத நான்கு சுவர்களுக்குள் சொன்னது இக்குற்றமாகாது என்றது. இந்த வரிசையில் 2025 ஜனவரி 31 அன்று வந்த தீர்ப்பு நம் பேசுபொருளுக்கு மிக நெருங்கியது. திருச்சி மாவட்டத்து வருவாய் ஆய்வாளர் ஒருவர், தம் அலுவலக அறையில் மனுதாரர் ஒருவர் தம்மைச் சாதி சொல்லி இழிவுபடுத்தியதாகப் புகார் தந்திருந்தார். சக ஊழியர்கள் பின்னர்தான் வந்தனர். எனவே அறை பொதுப் பார்வையில் பட்ட இடமன்று என்று கூறி அவ்வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டத்தின் சொற்களை அப்படியே படித்தால் அத்தீர்ப்பைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஏற்க முடியவில்லை. பணியிட இழிவு பெரும்பாலும் மூடிய கதவுக்குப் பின்னால்தான் நடக்கிறது. 'கொஞ்சம் உள்ளே வா' என்று அழைக்கப்படுவதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். பணியிடம் முழுவதையும் இக்குற்றத்தின் வரம்புக்குள் கொண்டுவரும் திருத்தம் வேண்டும் என்று தலித் இயக்கங்கள் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

அதுவரை கையில் இருப்பவற்றையும் மறக்க வேண்டாம். புகார் தந்த மறுநாள் 'இனி வேலைக்கு வராதே' என்றால், 2015 திருத்தத்துக்குப் பின் பொருளாதாரப் புறக்கணிப்பும் இச்சட்டத்தில் குற்றம். கூலிக்கு வேலை தர மறுப்பதும் அதன் வரையறைக்குள் வருகிறது. பிணை உள்ளிட்ட ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் சொல்வதை நீதிமன்றம் கேட்க வேண்டும் என்கிறது 15ஏ(5) பிரிவு. 2021-இல் ஹரிராம் பாம்பி வழக்கில், அவருக்கு முன்னறிவிப்புத் தருவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

தனியார் அலுவலகங்களில் சாதிப் பாகுபாட்டை விசாரிக்க என்று ஒரு குழு இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. மென்பொருள் வேலைக்குச் செல்லும் மாணவர்கள் இதை அறிந்தே செல்ல வேண்டும். கடல் கடந்தாலும் சிக்கல் தொடர்கிறது. 2020 ஜூன் 30 அன்று சிஸ்கோ நிறுவனத்தின்மீது கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை வழக்குத் தொடுத்தபோது, தலித் பொறியாளர் சாதிப் பாகுபாட்டைப் பற்றி முறையிட்டதற்கு, அது சட்டவிரோதம் அன்று என்று மனிதவளப் பிரிவு முடிவுசெய்ததாகக் குற்றஞ்சாட்டியது. அவர் ஆங்கிலத்தில், முறைப்படி, உரிய படிநிலையில் சொல்லியிருந்தார். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதியைப் பாகுபாட்டுத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதன்பிறகு அந்நகரத்தில் 'அது இங்கே சட்டவிரோதம் அன்று' என்று யாரும் பதில் சொல்ல முடியாது.

சிறு வெற்றிகளும் நம்மிடம் உண்டு. நாள் முழுதும் நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டும் கடைப் பெண்கள் உட்கார ஒரு இருக்கை கேட்டார்கள். கேரளம் 2018-இல் தந்தது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வைப்பதைக் கட்டாயமாக்கியது. கோவில்பட்டிக் கடைத்தெருவில் சில கடைகளில் இருக்கை இருக்கிறது, உட்காருபவர் இல்லை. உட்கார்ந்தால் முதலாளி பார்ப்பார்.

இறுதியாக, உடனே செய்யக்கூடிய ஒன்று. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு ஆபீஸ்கள், வயற்காடு, வீட்டு வேலை ஆகியவற்றில் உள்ள பெண்களுக்கு நிறுவனத்துக்குள் குழு கிடையாது. அவர்களுக்காகவே 2013 சட்டம் மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு அமைக்கச் சொல்கிறது. அதன் 6-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டத்திலும் ஒரு தொடர்பு அலுவலர் இருந்து, பெற்ற புகாரை ஏழு நாட்களுக்குள் அக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். எழுத இயலாத பெண்ணுக்கு எழுதிக்கொள்ள உதவுவதும் குழுவின் கடமை. 2024 டிசம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இவ்வலுவலர்களையும் குழுக்களையும் உடனடியாக அமைக்குமாறு காலக்கெடு விதித்து நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. குளத்தூர் அடங்கிய விளாத்திகுளம் வட்டத்துக்கு அந்த அலுவலர் யார், அவருடைய பெயர்ப்பலகை எங்கே இருக்கிறது, இதுவரை எத்தனை புகார்களைப் பெற்றார், எத்தனை நாட்களில் அனுப்பினார்? கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் வட்டங்களுக்கும் இதே கேள்விகளை எழுப்பலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுத ஒரு தாள், பத்து ரூபாய்க் கட்டணம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். வந்த பதிலோடு அந்த அலுவலரை நேரில் சென்று பாருங்கள். தனியாகச் செல்ல வேண்டாம். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் இரண்டு அக்காமாரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.